நான் ஆடிட் செய்து எடுத்த சர்வர்

குவாலிட்டி டிபார்ட்மென்ட் ஆளைக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் மேல் எனக்கு எப்போதும் இரக்கம் உண்டு. அந்த இரக்கத்தில் முதல் பங்கு என் மனைவி கலைச்செல்விக்கு. ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறியதும் மற்றவர்கள் தூங்கிவிடுவார்கள். நான் மட்டும் பஸ் சீட்டில் எந்த நட்டு லூசாக இருக்கிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டு வருவேன். வீட்டுக்கு வந்தும் புத்தி மாறாது. படப்பையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு வாசலில், செருப்பு விடுகிற இடத்தைச் சுற்றி மஞ்சள் பெயின்ட்டில் கட்டம் போட்டவன் நான். கட்டத்துக்கு வெளியே செருப்பை விட்ட மாமனாரிடம், "மாமா, லைனுக்குள்ள விடுங்க" என்று சொன்னவனும் நானே. (அந்த வருஷத் தீபாவளிக்கு அவர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொன்னார்கள். நான் நம்பினேன்.)

இப்படிப்பட்ட ஆளிடம் போய் ஒரு வெப்சைட்டுக்கு இடம் பிடிக்கச் சொன்னாள் கலை. வேறு வழி இல்லாமல்தான் சொன்னாள்.

படப்பையில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் அவள் தையல் யூனிட் நடத்துகிறாள். பேக்டரி யூனிபார்ம், ஏப்ரன், தலைக்கு மாட்டுகிற குல்லா எல்லாம் அங்கே தைக்கிறார்கள். சேரப்பணஞ்சேரிப் பெண்கள் சிலர் ஷேர் ஆட்டோ பிடித்து வேலைக்கு வருகிறார்கள். சில மாதம் தலைக்கு மேல் வேலை இருக்கும். சில மாதம் மெஷின் மேல் துணி போட்டு மூடிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த மாதங்களில் யாரை வரவேண்டாம் என்று சொல்வது, எப்படிச் சொல்வது என்று கலை சாப்பிடாமல் யோசித்துக்கொண்டிருப்பாள். அப்போதுதான் வாலாஜாபாத் போகிற ரோட்டில் புதிதாக வந்த ஒரு பேக்டரி யூனிபார்ம் தைக்க ஆள் தேடியது. வருஷம் முழுக்க வேலை. கிடைத்தால் யாரையும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் சப்ளையருக்குச் சொந்தமாக வெப்சைட் இருக்க வேண்டுமாம், மீட்டிங்கில் ஸ்கிரீனில் போட்டுப் பார்ப்பார்களாம்.

காலேஜில் படிக்கும் எங்கள் மகள் நிவேதா வெப்சைட்டை அழகாகச் செய்துவிட்டாள். முதல் பக்கத்திலேயே மெஷின் வரிசையும் அதன் பின்னால் வெட்கப்பட்டுக்கொண்டு சிரிக்கும் பெண்களும்.

"பேஜ் எல்லாம் ரெடிப்பா. ஹோஸ்டிங் மட்டும் வாங்கணும்" என்றாள்.

"அது இன்னா ஹோஸ்டிங்?"

"இந்த பேஜ யாருனா ஒரு கம்ப்யூட்டர்ல வச்சி, ராத்திரி பகல் ஆஃப் பண்ணாம வச்சிருக்கணும்ப்பா. அதுக்குன்னு கம்பெனிங்க கீது. ஆன்லைன்ல பத்து நிமிஷத்துல வாங்கிடலாம்."

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். "நம்ம ஃபைல அவங்க எடத்துல வச்சிருப்பாங்க" என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லிவிட்டாள். எனக்குள் மணி அடித்தது. அவர்கள் இடம் என்றால், அவர்கள் நமக்கு சப்ளையர். சப்ளையர் என்றால் நேரில் போய் ஆடிட் செய்யாமல் எப்படி எடுப்பது? ஒரு வாஷர் வாங்குவதற்கே அவன் ஷெட்டுக்குப் போய், கக்கூஸ் வரை பார்த்துவிட்டு வருகிற ஆள் நான்.

பெரிய பெரிய ஹோஸ்டிங் கம்பெனிகளின் சாட்டில் போய்க் கேட்டேன். உங்கள் பிளான்ட்டைப் பார்க்க எப்போது வரலாம் என்றேன். சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்று பதில் வந்தது. கேட் பாஸ் யாரிடம் வாங்க வேண்டும் என்றேன். பதிலுக்கு, உங்களுக்குத் தள்ளுபடியில் டொமைன் வேண்டுமா என்று கேட்டார்கள். இன்னொரு கம்பெனி, எங்கள் சர்வர் நிற்கவே நிற்காது என்று பெருமையடித்தது. அதை அளந்த கடிகாரம் சரியானதுதான் என்று கேலிபரேஷன் சர்ட்டிபிகேட் இருக்கிறதா என்று கேட்டேன். அந்தச் சாட்டை அவர்களாகவே மூடிவிட்டார்கள். (நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு டீ குடித்தேன்.)

கடைசியில் என் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னவர் ஒரே ஒருவர். படப்பை பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தெருவில், 'வெப்சைட், ஹோஸ்டிங், பில்லிங் சாப்ட்வேர், சிசிடிவி கேமரா' என்று போர்டு மாட்டியிருந்த தனசேகர்.

"தாராளமா வாங்க சார். சர்வர் நம்ம வூட்லயே கீது. தொட்டே பார்க்கலாம்" என்றார்.

இதைவிட வேறென்ன வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை காலை, சேஃப்டி ஷூ மாட்டிக்கொண்டு, அட்டையில் செக்லிஸ்ட்டைச் செருகிக்கொண்டு கிளம்பினேன். அவர் வீட்டு வாசலிலேயே, "ஷூவ கயட்டிட்டு வாங்க சார், பக்கத்துல பூஜை ரூமு" என்றார். ஷூவைக் கழற்றி வைக்கச் சொல்லும் இடத்துக்கு எங்கள் செக்லிஸ்ட்டில் முழு மார்க் உண்டு. போட்டேன்.

சின்ன ரூம். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மேஜை மேல் கறுப்புப் பெட்டி ஒன்று, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமத்தோடு பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. தரை துடைத்திருந்தது, மார்க். மூலையில் மணல் வாளி, மார்க். சர்வரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதது அந்த ரூமில் எந்த இடத்திலும் எனக்குக் குறையாகப் படவில்லை.

ஆனால் குறை எழுதாமல் வந்தால் அது ஆடிட் இல்லை. சுற்றிப் பார்த்தேன். மேஜைக்கு அடியில், தூசி படிந்து, மேலே ஒரு பழைய மிக்சி டப்பாவைச் சுமந்துகொண்டு, கனமான பெட்டி ஒன்று இருந்தது.

"இது இன்னாங்க?" என்றேன்.

தனசேகர் போனில் வேறு கஸ்டமரிடம் பேசிக்கொண்டிருந்தார். போனைக் கையால் மூடிக்கொண்டு, "அதுவா சார், எப்பவாச்சும்தான் யூஸ் ஆவும்" என்றார்.

எப்பவாச்சும். எங்கள் பேக்டரியில் யாராவது அந்த வார்த்தையைச் சொன்னால் நாங்கள் ரெட் டேக்கை எடுத்துவிடுவோம். அது ஒரு சிவப்பு ஸ்டிக்கர். வேண்டாத சாமானில் ஒட்டினால் குறிப்பிட்ட தேதிக்குள் அதை அந்த இடத்திலிருந்து எடுத்தாக வேண்டும். என் சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து இருக்கும். (மற்றவர்கள் பர்ஸில் சாமி படம் வைத்துக்கொள்வது இல்லையா, அது போல.) ஒன்றை எடுத்து, 'பயன்படாத பொருள். அகற்றவும்' என்று எழுதி, பெட்டியின் நெற்றியில் ஒட்டினேன். தனசேகர் போனை வைத்துவிட்டு வந்து ஸ்டிக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் நான் கையெழுத்துக்கு அட்டையை நீட்டிவிட்டேன். கையெழுத்துப் போட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆடிட்டரை யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அவர் சுட்டிக்காட்டியதைச் சரிசெய்து, முன்னால் எப்படி, பின்னால் எப்படி என்று போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் விஷயம் முடிந்தது. தனசேகரும் சில வருஷம் ஒரு பேக்டரியில் கான்ட்ராக்டில் இருந்தவர். இரண்டே நாளில் போட்டோ அனுப்பினார். முதல் படத்தில் பெட்டி இருந்தது, இரண்டாவதில் வெறும் தரை பளபளத்தது. நான் 'வெரி குட்' என்று பதில் போட்டேன்.

வெப்சைட் வந்தது. கலை அதைத் தன் போனில் திறந்து, தையல் பெண்களுக்கு ஒவ்வொருவராகக் காட்டினாள். அவர்கள் தங்கள் முகத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் கண் கலங்கியது. பெருமையில்தான். அதில் பாதிக்கு மேல் என்னைப் பற்றிய பெருமை.

மீட்டிங்குக்கு எந்த நாள் வசதி என்று பேக்டரியில் கேட்டபோது, கலை யோசித்து ஒரு வியாழக்கிழமையைச் சொன்னாள். "அன்னிக்கு படப்பைல ஷட்டவுன். கரண்ட் இருக்காது. எப்படியும் மெஷின் ஓடாது, பொண்ணுங்களுக்கு லீவு வுட்ருவேன்" என்றாள். நல்ல யோசனை என்று நானும் தலையாட்டினேன். கூப்பிடாமலே நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

கான்பரன்ஸ் ரூமில் பர்ச்சேஸ் மேடம் ஒருவரும் அவருடைய ஆட்கள் மூன்று பேரும் இருந்தார்கள். மேடம் கலையிடம்தான் பேசினார். நடுவில் நான் புகுந்தேன்.

"மேடம், மத்த சப்ளையருங்க எல்லாம் ஆன்லைன்ல எதையோ வாங்கி வச்சிருப்பாங்க. நாங்க அப்படி இல்ல. சர்வர் இருக்கற எடத்துக்கே போயி, ஆடிட் பண்ணி, பாயின்ட் எல்லாம் க்ளோஸ் பண்ணிட்டுத்தான் எடுத்தோம்."

"ஓ, குட். அப்ப பாத்துரலாமே" என்று மேடம் வெப்சைட் பெயரை டைப் செய்தார்.

ஸ்கிரீனில் வட்டம் ஒன்று சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம், இந்தத் தளத்தை அடைய முடியவில்லை என்று வந்தது.

"உங்க நெட்டு கொஞ்சம் ஸ்லோவா இருக்கும் மேடம்" என்றேன்.

மேடம் வேறு ஒரு சப்ளையரின் வெப்சைட்டைத் திறந்தார். கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து நின்றது. அதில் ஒரு கொடிகூட ஆடியது.

நான் தனசேகருக்குப் போன் போட்டேன். பெரிய ஆள் மாதிரி ஸ்பீக்கரில் போட்டேன். யாரும் கேட்காமலே போட்டேன் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

"தனசேகர், சைட்டு ஏன் வரல?"

"சார், இன்னிக்கு படப்பை ஷட்டவுன் ஆச்சே சார். காலைலேர்ந்து கரண்ட் இல்ல."

"அதுக்கு? பேக்கப் எதுவும் வச்சிக்கிறது இல்லையா நீங்க?" என்று அதட்டினேன்.

"வச்சிருந்தேன் சார். டேபிளுக்கு கீய, பேட்டரி பொட்டி. நீங்கதான சார் செவப்பு ஸ்டிக்கர் ஒட்டி எடுக்க சொன்னீங்கோ. போட்டோகூட அனுப்சேனே சார். வெரி குட்டுன்னு போட்டீங்களே."

மேடத்தின் ஆள் ஒருவர் குனிந்து, கீழே விழாத பேனாவைத் தேடினார். நான் மெல்லக் கலை பக்கம் திரும்பினேன். அவள் என்னைத் திட்டவில்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது. அந்த முகத்தில் வெப்சைட் இல்லை, நான் இல்லை, மாடியில் சிரித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்ற பெண்கள்தான் இருந்தார்கள். எனக்கு அப்படியே மேஜைக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது. (பேட்டரிப் பெட்டி மாதிரி.)

கலை தண்ணீர் எடுத்து ஒரு வாய் குடித்தாள். பையிலிருந்து சாம்பிள் சட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"மேடம், வெப்சைட்டு கரண்ட் வந்தா வரும். சட்டை வந்துருக்கு. அக்குள்ள புடிச்சி நல்லா இழுத்துப் பாருங்க. பிரிஞ்சா நான் எழுந்து போயிடறேன்."

மேடம் இழுத்தார். பிரியவில்லை. பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். பிரியவில்லை. மேடம் தையலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க யூனிட்ட வந்து பாக்கறோம்" என்றார். கலை எழுந்து கும்பிட்டாள். நான் உட்கார்ந்தபடியே கும்பிட்டேன்.

அன்றைக்கு வீடு திரும்பி நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் நிவேதா ஆன்லைனில் ஹோஸ்டிங் வாங்கிவிட்டாள். சிங்கப்பூர்தான். இன்றுவரை கேட் பாஸ் இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கிறது. தனசேகர் அந்தப் பெட்டியைப் பழைய சாமான் கடையில் போட்டிருந்தார். புதிது ஒன்று வாங்கிக்கொண்டுபோய், நானே மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். இப்போதும் தெருவில் பார்த்தால் அன்பாகப் பேசுவார். ஆனால் வீட்டுக்குள் கூப்பிடுவதில்லை.

அடுத்த வாரம் மேடம் யூனிட்டைப் பார்க்க வந்தார். நானும் போய் மூலையில் நின்றுகொண்டேன், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. எல்லாம் பார்த்து முடித்து, "இங்க குவாலிட்டி யார் பாக்கறாங்க?" என்று மேடம் கேட்டார். கலை என் பக்கம் திரும்பாமலே, "நானும் பொண்ணுங்களும் பாத்துக்கறோம் மேடம். வேற யாரும் இல்ல" என்றாள். அந்தப் பதிலுக்குத்தான் ஆர்டர் கிடைத்தது என்று நிவேதா சொல்கிறாள். எப்படியோ, அதற்கப்புறம் மெஷின்களை மூடி வைத்த மாதம் வரவில்லை.

என் ரெட் டேக் கட்டு மட்டும் மீட்டிங் அன்றைக்கே கலையிடம் பறிமுதல் ஆகிவிட்டது. வீட்டில் அது பல இடங்களில் முளைக்கும். நான் வாங்கி வந்த டிரெட்மில்லில் ஒட்டியிருந்தது. வாசலில் மஞ்சள் கட்டத்துக்குள் ஒட்டியிருந்தது. (அது மாமனார் வேலை. இப்போதெல்லாம் தீபாவளிக்குத் தவறாமல் வருகிறார், சிரிப்பதற்காகவே.)

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோபாவில் கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்து, அப்படியே பால் வாங்கப் பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டு வந்தேன். வழியில் எல்லோரும் என்னைப் பார்த்து வழக்கத்துக்கு மேல் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால், முதுகில் சிவப்பு ஸ்டிக்கர். 'பயன்படாத பொருள். அகற்றவும்' என்று நிவேதாவின் கையெழுத்து. அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே கலை எழுதியிருந்தாள்: 'எப்பவாச்சும் யூஸ் ஆவும். இருக்கட்டும்.'