இறக்கை வாங்கிய மெலாத்தி

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் இறக்கை விற்றுப் பிழைத்தேன். (கோழி இறக்கை இல்லை. அதுவாக இருந்தால் மிஞ்சியதை வறுத்துத் தின்றாவது இருப்பேன்.) இணைய விளையாட்டில் வீரர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் இறக்கை. கூடவே வாள், குதிரை, தலைக்கவசம். மணிக்கணக்கில் பூதங்களைக் கொன்று இவற்றைச் சேர்ப்பேன். கொல்லப் பொறுமை இல்லாதவர்கள் நிஜ மலேசிய வெள்ளியில் பணம் கொடுத்து என்னிடம் வாங்குவார்கள்.

புக்கிட் ரம்பாயில் தொழிற்சாலை வேலை போனதும் இதில் இறங்கினேன். வாடகை அறையில் நான் மட்டும்தான். சில நாள்களில், கடையில் "புங்குஸ்" என்று சோற்றைக் கட்டித் தரச் சொல்வதோடு என் அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

அம்மா இறந்தபின் அப்பாவும் அலோர் காஜா வீட்டில் தனியாகத்தான் இருந்தார். தினமும் காலையில் அழைப்பார்.

"பசியாறிட்டியாப்பா?"

"ம்ம். பிஸிலா பா. கஸ்டமர் லைன்ல இருக்காங்க."

அவ்வளவுதான். வேலை போனதை அவரிடம் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும், 'பெரிய ஆன்லைன் பிஸ்னஸ்' என்று அளந்து, என் கடைப் பக்கத்தையும் அனுப்பியிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் கடைப் பக்கத்தில் இறக்கை வாங்க மெலாத்தி வந்தாள். மலாயில் எழுதுவாள். பேரமே பேசமாட்டாள். பணத்தை வங்கி இயந்திரத்தில் ரொக்கமாகப் போட்டுவிட்டு, 'சாப்பிட்டாயா? அங்கே மழையா?' என்று கேட்பாள். நான் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவேன். வேலை போனது, அறையின் வெறுமை, எல்லாவற்றையும் கொட்டினேன். 'இந்த உலகத்தில் என்னைப் புரிந்துகொண்டவள் நீ ஒருத்திதான்' என்றுகூட எழுதினேன். (இப்போதும் காது சுடுகிறது.)

மூன்றாவது மாதம், 'நேரில் பார்க்கலாமா?' என்று கேட்டாள். சனிக்கிழமை மதியம், அலோர் காஜாவில், சாலையோரம் தேநீர் விற்கும் ஓர் ஒட்டுக்கடை.

நீலச் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டேன். வீட்டுக்காரர் மகனின் வாசனைத் திரவியத்தைக் கடன் வாங்கி, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போகும் அளவுக்கு அடித்துக்கொண்டேன். கடைக்குள் நுழைந்தால், முதல் மேசையில் அப்பா!

"வா, உக்காரு" என்றார்.

"ஐயோ, இல்லப்பா. முக்கியமான கஸ்டமர் வராங்க. நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போங்களேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ப்ளீஸ்லா பா!"

தேநீர்க் குவளையைத் தூக்கிக்கொண்டு, எனக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் இடத்தை ஒட்டிய மேசையில் போய் உட்கார்ந்தார். நான் அவர் இடத்தில் உட்கார்ந்து தலையைக் கோதிக்கொண்டேன். இருபது நிமிடமாகியும் யாரும் வரவில்லை. 'வந்துவிட்டேன். நீலச் சட்டை. நீ எங்கே?' என்று அனுப்பினேன்.

பின்னால் ஒரு கைப்பேசி மணியடித்தது. திரும்பவில்லை. சற்று நேரத்தில் பதில் வந்தது: 'உன் பின்னால். நீதானே இங்கே உட்காரச் சொன்னாய்?'

திரும்பினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்துபோய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். தன் கைப்பேசியைக் காட்டினார். விளையாட்டின் முதல் ஊரில், நுழைவாயிலிலேயே, தங்க இறக்கையோடு குதிரைமேல் மெலாத்தி நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா சேத்து வுட்டுட்டுப் போயிட்டா. நடக்க வைக்கத் தெரியல. மூணு மாசமா அங்கயேதான் நிக்குது."

"ஏம்பா இதெல்லாம்?"

"கஸ்டமர்னா நீ பேசுறியே" என்றார். பிறகு மெதுவாக, "வேலை போனத அதுகிட்டதான சொன்ன. எங்கிட்ட சொல்லலையே."

"நான் எழுதினதெல்லாம் படிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"அக்காகிட்டயும் காட்டினேன்லா. நல்லா எழுதறான்னு சொன்னா."

அன்று மாலையே அறையைக் காலி செய்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு மெலாத்தியை நடக்க வைக்க அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தேன். பத்தடி நடந்து, இறக்கையும் குதிரையுமாகக் குளத்தில் விழுந்து செத்துப்போனாள். அப்பா அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்குப் பெண் பார்த்தபோது அக்கா அப்பாவை இப்படித்தான் அறிமுகப்படுத்தினாள்: "இவங்கதான் எங்க அப்பா. தம்பியோட முதல் காதலி." பெண் வீட்டார் திகைத்துப்போக, முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. அன்று வாய்விட்டுச் சிரித்த பெண்தான் இன்று என் மனைவி. அப்பாவின் அழைப்பை எடுக்க நான் கொஞ்சம் தாமதித்தாலும் அடுப்படியிலிருந்து குரல் வரும்:

"எடுங்கலா! உங்க ஆளு காத்துக்கிட்டு இருக்காங்க!"