உபதேசியார் கண்ணை மூடிய நேரம்

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் ஆசீர்வாதம் அவர்களுக்கு, மாசிலாமணி உபதேசியார் எழுதும் ஸ்தோத்திரம். இவ்விடம் நானும் உங்கள் தங்கையும் சுகம். இந்தச் சுகம் இவ்வூர் நிலக்காரர் பெரியண்ணன் புதுக்கோட்டையிலிருந்து வந்து இறங்கும் சாயங்கால பஸ் வரைக்கும்தான். ஆகையால் கடிதம் கண்டதும் ஆலங்குடியில் ஒரு மாட்டுவண்டி பிடித்துக்கொண்டு ஓடி வாருங்கள். மூட்டை கட்டியாகிவிட்டது.

நடந்தது இதுதான். காலையில் ஓய்வுநாள் பள்ளியில், வாலிபப் பிள்ளைகள் விசுவாசத்தில் வளர வேண்டுமே என்று, கனிகொடாத அத்திமர உவமையைச் சொன்னேன். எஜமான் வெட்டச் சொன்னான், தோட்டக்காரன் இன்னும் ஒரு வருஷம் கொத்தி எருப்போட்டுப் பார்க்கிறேன் என்று கெஞ்சினான் என்றேன். உடனே பிச்சைமுத்து எழுந்து, "இது எங்க ஊர்ல செய்யிறதுதானேங்க! காய்க்காத மரத்துக்கு முன்னால ஒருத்தன் கோடாலிய ஓங்கணும், இன்னொருத்தன் கையப் புடிச்சுத் தடுக்கணும். மரம் பயந்து காய்ச்சுரும்" என்றான். நமக்குத்தான் புத்தி எங்கே? வாங்கடா செய்து பார்ப்போம் என்று ஜெபக் கொட்டகைக்குப் பக்கத்தில் காய்க்காமல் நிற்கிற பலாமரத்தண்டை கூட்டிப்போனேன். மரம் பெரியண்ணனுடையது, அவருடைய ஆத்தா நட்டது. கொட்டகை நிற்கிற இடமும் அவர் தயவில் விட்டதுதான். பிச்சைமுத்து கோடாலியை ஓங்கினான். தடுக்க வேண்டிய ஆள் நான். ஒரு சின்ன ஜெபம் பண்ணிவிட்டுத் தடுப்போமே என்று கண்ணை மூடினேன். என் சின்ன ஜெபம் உங்களுக்குத்தான் தெரியுமே மச்சான், அது முடியவில்லை, பையனுக்குக் கை கடுத்துப்போச்சு, சதக்கென்று விழுந்துவிட்டது. ஐயோ, ஒரு சாண் ஆழம்! பால் கொட்டுது. அவர் கோபத்தில் கொட்டகையைப் பிரித்து எறிந்தால் இந்தப் பிள்ளைகள் எங்கே போய் உட்காரும்?

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் கர்த்தருடைய சமாதானம் உண்டாவதாக. எனக்கும் கொஞ்சம் உண்டாக ஜெபியுங்கள்.

இப்படிக்கு,
மாசிலாமணி

பி.கு.: கடிதம் கொண்டுபோக ஆள் கிடைப்பதற்குள் பெரியண்ணனே வந்துவிட்டார். மரத்தடியில் கிடந்த கோடாலியை எடுத்துக்கொண்டு நேரே என் வாசலுக்கு வந்தார். பிச்சைமுத்துதான் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "விட்டுருங்கய்யா! இந்த உபதேசியாரு இன்னும் ஒரு வருசம் இருக்கட்டும். நாங்க கொத்தி எரு வச்சுப் பாக்குறோம். அப்பவும் தேறலைன்னா வெட்டிப்புடுங்க!" என்றான். மற்றப் பிள்ளைகளும் அவர் காலைச் சுற்றிக்கொண்டார்கள். பெரியண்ணன் கோடாலியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான். வண்டி வேண்டாம்.