எந்தப் பச்சை ஒரிஜினல்?

தென்காசி வட்டாரத்திலேயே பச்சை நிறத்தை நம்பாத ஒரே மனிதர் பைப்பு அண்ணாச்சிதான். குற்றால மலையைக் காட்டினாலும், “கொஞ்சம் வெளுத்திருக்குல்லா?” என்பார்.

ஆலங்குளத்துக்காரர். ராணுவ பேண்டில் பேக்பைப் ஊதி ஓய்வு பெற்றவர். ஊருக்கு வந்ததும் மாஜி ராணுவத்தினர் சிலரைச் சேர்த்துக் கல்யாண பேண்டு தொடங்கினார். தோளில் குறுக்காகப் போடும் கட்டம் போட்ட துணிதான் அவருக்கு உயிர். அதற்கு டார்ட்டன் என்று பெயர். ஸ்காட்லாந்துக்காரர்களுடையது; வெள்ளைக்காரன் போன பிறகும் நம் ராணுவ பேண்டில் தங்கிவிட்டது.

அப்போது நான் தென்காசியில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ்மேன். அண்ணாச்சி வந்து தன் பழைய துணியை மேஜைமேல் விரித்தார். பச்சை, நீலம், நடுவில் மெல்லிய சிவப்புக் கோடு.

“பேண்டு முழுசுக்கும் இதே மாதிரி வேணும்டே. கோடு மாறக் கூடாது, கலர் மாறக் கூடாது. மாறிச்சுன்னா அது டார்ட்டன் இல்ல, கைலி!”

அவருடைய இறந்துபோன நண்பரின் மகளுக்குக் குற்றாலத்தில் கல்யாணம். நண்பர் அதே ராணுவ பேண்டில் டிரம் அடித்தவர். அப்பா போட்ட அதே உடுப்பில் வந்து வாசிப்பதாக அந்தப் பிள்ளைக்கு அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருந்தார்.

லூதியானா மில்லிலிருந்து துணி வந்தது. கட்டம் அச்சு அசல். நிறம்தான் கரும்பச்சை.

“ஏலே, இது கருவேப்பிலைல்லா! நம்மது வாழைக்குருத்து.”

திருப்பி அனுப்பி, வெளிர்பச்சையில் வரவழைத்தேன். முகம் சுளித்தார். “பட்டாளத்துல இம்புட்டு வெளுப்பா இல்லையே.”

“அண்ணாச்சி, போன தடவை நீங்கதான கருப்பா இருக்குன்னிய?”

“அது துணியப் பாத்துச் சொன்னது. இது ஞாபகத்த வச்சுச் சொல்லுதேன்!”

முதலாளி லூதியானாவுக்குப் போன் போட்டார். ஒரே டிசைனை அடர்நிறத்திலும் நெய்வார்களாம், அந்தக் காலச் சாயம்போல வெளிர்நிறத்திலும் நெய்வார்களாம். கட்டம் மாறாதவரை இரண்டுமே ஒரிஜினல்தானாம்.

“ஒரிஜினல் எப்படிவே ரெண்டு இருக்கும்?” என்று அண்ணாச்சி கத்தினார். முதலாளி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கூட வந்து ஜாக்கெட் துணி பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சியின் மனைவி எழுந்து வந்தார். “பழசோட ஓரத்து மடிப்பப் பிரிச்சுப் பாருங்களேன்.”

பிளேடால் பிரித்தேன். வெயில் படாத உள்மடிப்பு கரும்பச்சை, வெளியே வாழைக்குருத்து. அண்ணாச்சி இரண்டையும் மாறி மாறித் தடவினார்.

“அப்ப நான் இத்தன நாளாப் போட்டது எது?”

“ரெண்டுந்தான்” என்றார் மனைவி.

குழப்பம் தீரவில்லை. இரண்டு நிறத்தையுமே வாங்கிப்போனார். கல்யாணத்தன்று அந்த பேண்டைப் பார்க்கவே நானும் குற்றாலம் போனேன். பாதிப் பேர் தோளில் கரும்பச்சை, பாதிப் பேர் தோளில் வெளிர்பச்சை என்று நின்றார்கள். அண்ணாச்சி யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஊர்வலம் கிளம்பியதும் சாரல் பிடித்தது. நனைந்த துணிகளில் எது வெளிர், எது அடர் என்றே தெரியவில்லை. அண்ணாச்சி ஊதுவதை நிறுத்தித் திரும்பித் திரும்பிப் பார்த்தார். “எலே, யாருலே லைட்டு? யாருலே டார்க்கு?” ஒருவருக்கும் தெரியவில்லை.

மணப்பெண் காரிலிருந்து இறங்கி வந்தாள். அவர் தோள் துணியின் நுனியைத் தொட்டாள். “எங்க அப்பா போட்டிருந்த அதே துணி, மாமா.”

“அதேதாம்மா” என்றார் அண்ணாச்சி. மறுபடி ஊதத் தொடங்கினார்.

அன்று அவர் வாசித்தது என்ன பாட்டு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குடையை மடக்கிவிட்டு, முடியும்வரை நின்று கேட்டேன்.