கடுகு வெடிக்காத வீடு

பம்பாய் மாட்டுங்காவில் எந்த வீட்டில் இன்றைக்கு என்ன சமையல் என்பது, அந்த வீட்டு மாமி முடிவு செய்வதற்கு முன்பே மூக்கு மாமாவுக்குத் தெரிந்துவிடும். கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன்தான். ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் பில்டிங்கில் இருந்த யாரைக் கேட்டாலும் இதைவிட அதிகமாகத்தான் சொல்லுவார்கள்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். வாசல் பலகையில் எழுதியிருந்தது. அதைத் தபால்காரர் தவிர யாரும் படித்ததில்லை. ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. சின்ன வயதில் பாலக்காட்டில் அம்மை வார்த்து, முகம் முழுக்கக் குழி குழியாகத் தழும்பு. நடுவில் அந்த மூக்கு மட்டும் எந்தச் சேதமும் இல்லாமல், பெரிசாக, கம்பீரமாக நின்றது. "எல்லாத்தையும் எடுத்துண்டு இதை மட்டும் விட்டுட்டுப் போனா அம்மை. அப்போ இதுக்கு ஏதோ வேலை வெச்சிருக்கான்னுதானே அர்த்தம்?" என்பார்.

அந்த வேலையை அவர் ஓயாமல் செய்தார். லோக்கல் ரயிலில் தூங்கிக்கொண்டே வருவார். மசாலா வாசனை வந்தால் மஸ்ஜித், மில் எண்ணெய் நாற்றம் வந்தால் பரேல், பூக்கூடை ஏறினால் தாதர். அடுத்ததற்குக் கண்ணைத் திறந்து இறங்கிவிடுவார். மாடிப்படி ஏறும்போதே, "அம்புஜம், உன் சாம்பார் அடி பிடிக்கறது!" என்று மூன்றாம் மாடிக்குக் குரல் கொடுப்பார். அம்புஜம் மாமி ஓடிப்போய்ப் பார்த்தால் மாமா சொன்னது சரியாக இருக்கும். ஒருமுறை பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அருகில் போய் உட்கார்ந்து இரண்டு தடவை மூச்சை இழுத்தார். "மாப்பிள்ளைக்கு சிகரெட், மாப்பிள்ளையோட அப்பாவுக்கு பீடி" என்று சபையிலேயே சொல்லிவிட்டார். கல்யாணம் நின்றுவிட்டது. பெண் வீட்டார் அவரை ஒரு மாசம் திட்டி, அதற்கப்புறம் தீபாவளிக்கு வேஷ்டி வாங்கிக் கொடுத்தார்கள்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. யுத்தம் முடிந்தது; அதோடு அப்பாவின் வேலையும் முடிந்தது. யுத்தத்துக்காக ஆரம்பித்த சப்ளை ஆபீஸ் அது, அதை மூடிவிட்டார்கள். அப்பா அதை வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் காலையில் கோட்டு மாட்டிக்கொண்டு, டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு, எல்லாரும் பார்க்கக் கிளம்பிப் போவார். கேரியரில் மோர் சாதம் ஒரு அடுக்கில் இருக்கும். மற்ற அடுக்குகள் காலி.

பாலக்காட்டிலிருந்து அத்தை எனக்கு ஒரு வரன் பார்த்திருப்பதாகக் கடிதம் போட்டிருந்தாள். அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "ஸ்கூல் நடக்கற வரைக்கும் நடக்கட்டும். நின்னுதோ, கல்யாணிக்கு டிக்கெட் எடுத்துடலாம். ஒரு வயிறு குறையும்." அப்பா கெட்டவர் இல்லை. அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது. ஆனாலும் சொன்னார். அன்றிலிருந்து பள்ளிக்கூட மணி அடித்தால்தான் எனக்கு உயிர் வரும்.

அந்த வருஷம்தான் பம்பாயில் பெரியம்மை பரவியது.

முதலில் கூலித் தொழிலாளர்கள் குடியிருந்த லேபர் கேம்ப், பிறகு எங்கள் தெரு. என் பக்கத்தில் உட்காரும் கோமதி ஒரு திங்கட்கிழமை வரவில்லை. அவள் தம்பி மட்டும் வந்துகொண்டிருந்தான். கேட்டால், "அக்கா ஊருக்குப் போயிருக்கா" என்றான். வீட்டில் அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரமே கோமதி அம்மையில் இறந்துபோனாள். அதற்குள் தம்பியின் வகுப்பில் நாலைந்து பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் பெற்றோர் எல்லாரையும் ஹெட்மாஸ்டர் கூட்டினார். நானும் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஸ்கூலை பந்த் பண்ணி மூடிடுங்கோ சார். குழந்தைகள் உசிரைவிடப் படிப்பு பெரிசா?" என்றார் பாங்கில் வேலை பார்க்கும் ஒரு மாமா. பாதி ஹால் தலையாட்டியது. எனக்கு பாலக்காட்டு ரயில் சத்தம் கேட்டது.

லேபர் கேம்ப்பிலிருந்து வந்த சுடலைவடிவு எழுந்தாள். திருநெல்வேலிக்காரி, அவள் மகன் என் வகுப்பு. "ஐயா, மூடுனா எம்பிள்ள எங்க இருப்பான்? கோலின்னு பத்துக்குப் பத்து ரூமு ஒண்ணு, ஒம்பது பேரு படுக்கோம். அங்க மட்டும் அம்மை வராதா? மறுநாளே அவங்க அய்யா தோல் கிடங்குக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு. பெறவு அவன் பள்ளிக்கூடத்துப் பக்கம் எட்டிப் பாப்பானா?"

ஹெட்மாஸ்டர் நியாயமான மனுஷர். எல்லாப் பிள்ளைகளுக்கும் அம்மை குத்தச் சொல்லலாம், வகுப்பை மொட்டை மாடியிலும் மைதானத்திலும் தள்ளித் தள்ளி உட்காரவைத்து நடத்தலாம், அம்மை கண்ட வீட்டுப் பிள்ளைகள் மட்டும் வராமல் இருக்கட்டும் என்றார். எல்லாம் சரி, ஆனால் எந்த வீட்டில் அம்மை என்று எப்படித் தெரியும்? அங்கேதான் இடித்தது. சொன்னால் முனிசிபாலிட்டி வண்டி வந்து குழந்தையைத் தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடும் என்று எல்லாருக்கும் பயம். பிள்ளையின் பெயரை ரிஜிஸ்தரிலிருந்து அடித்துவிடுவார்கள் என்று இன்னொரு பயம்.

"எங்க பக்கம் அம்மை போட்டா வாசல்ல வேப்பிலையச் சொருகிருவோம்" என்றாள் சுடலைவடிவு. "நீங்கதான மறைக்கிய? படிச்சவிய?"

அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு பெரிய மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. மூக்கு மாமா எழுந்து நின்றார்.

"வேப்பிலையை ஒளிச்சுடலாம். தாளிப்பை ஒளிக்க முடியுமோ?" என்றார்.

ஹால் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மாமா விளக்கினார். அம்மை வார்த்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள். கடுகு வெடிக்கக் கூடாது, எண்ணெய் காயக் கூடாது, அப்பளம் பொரிக்கக் கூடாது. முனிசிபாலிட்டியை ஏமாற்றத் துணிகிறவர்கள்கூட அம்மனை ஏமாற்றத் துணிய மாட்டார்கள். "காலம்பற ஒரு நடை நடந்தா போறும். எந்த ஆத்துலேர்ந்து கடுகு வாசனை வரலையோ, அந்தாத்துக் குழந்தையை ஸ்கூல் கேட்டிலே நிறுத்திடறேன். எனக்கு ஒருதரம் வந்தாச்சு, இனிமே வராது. நான் எங்கேயும் போலாம்."

"தாளிக்காததுக்கு வேறு காரணமும் இருக்கலாமே?" என்று ஹெட்மாஸ்டர் இழுத்தார்.

"தாளிக்காம ஒரு பாலக்காட்டுச் சமையலா? எந்த லோகத்துலே சார்?"

சிரித்துவிட்டார்கள். கோமதி போனபிறகு அந்தத் தெருவில் எழுந்த முதல் சிரிப்பு அது. பள்ளிக்கூடம் மூடாது என்று முடிவாயிற்று. எனக்கு மாமாவின் காலில் விழவேண்டும் போலிருந்தது.

மறுநாள் முதல் மூக்கு மாமா ராஜ்ஜியம். விடிந்ததும் குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கட்டியபடி பில்டிங் பில்டிங்காக ஏறி இறங்குவார். ஒவ்வொரு கதவின் முன்னும் நின்று முகத்தைத் தூக்குவார். அது முடிந்ததும் லேபர் கேம்ப். அதுவரை அந்தச் சந்துகளில் கால் வைத்திராத மனுஷர், அங்கே கருவாட்டு வாசனை வந்தால் முகம் மலர்ந்து, "பேஷ்! சௌக்கியமா இருக்கா!" என்று அடுத்த வாசலுக்குப் போவார். அம்மை கண்ட வீட்டில் கருவாடும் ஆகாது என்று சுடலைவடிவு சொல்லிக் கொடுத்திருந்தாள். "சாமி இன்னைக்கு நம்ம குழம்ப மோந்து பாத்துட்டுப் போயிட்டாரு, பயமில்ல" என்று அங்கே பெண்கள் பேசிக்கொள்வார்களாம்.

அவர் கேட்டில் நிறுத்திய பிள்ளைகளின் வீடுகளில் எல்லாம் அம்மை இருந்தது. ஒன்றும் தப்பவில்லை. ஒரு வீட்டில் குழந்தைக்குத் தேறி, தலைக்குத் தண்ணீர் விட்டு, மறுபடி முதல் தடவை கடுகு வெடித்தபோது மாமா வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன்.

பிறகு ஒரு காலை, பள்ளிக்கூட கேட்டில் அவர் கை என் முன்னால் நீண்டது.

"கல்யாணி, நீ உள்ளே போகப்படாது."

"எதுக்கு மாமா?"

"உங்காத்துலே இன்னிக்குக் கடுகு வெடிக்கலை. உன் தம்பிக்கா அம்மை? பொய் சொல்லப்படாது கேட்டயோ."

சுற்றி நின்ற பிள்ளைகள் இரண்டடி பின்வாங்கினார்கள். வீட்டுக்குப் போனால் டிக்கெட், உண்மையைச் சொன்னால் அப்பாவின் மானம். "இல்லை மாமா, இல்லை மாமா" என்று அழுததுதான் நினைவிருக்கிறது. அழுகையைப் பார்த்து ஹெட்மாஸ்டர், "போய்ப் பார்த்துவிடலாம்" என்றார். மூன்று பேரும் வந்தோம்.

மூன்றாம் மாடியில் கதவுகள் எல்லாம் ஒரு சாண் திறந்திருந்தன. அம்மா வாசலுக்கு வந்தாள். ஒக்கலில் என் தம்பி, பொட்டுக் காய்ச்சல் இல்லாமல், மாமாவின் மூக்கைப் பிடிக்கக் கை நீட்டினான். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நிமிர்ந்து நின்று சொன்னாள்:

"எங்காத்துலே அம்மை இல்லை மாமா. எண்ணெய்தான் இல்லை."

திறந்திருந்த கதவுகள் ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் மூடின. மூக்கு மாமா எதையும் முகர்ந்து பார்க்க முடியாமல் தலையைக் குனிந்து நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "தெரியாமப் போச்சே" என்றார். அவ்வளவுதான். என் தலையில் கை வைத்தார். ஹெட்மாஸ்டர் என்னைத் திரும்ப வகுப்புக்கு அழைத்துப் போனார். அன்று சாயங்காலம் அப்பா டிபன் கேரியரோடு மாடி ஏறியபோது யாரும் அவரிடம், "ஆபீஸ் எப்படி?" என்று கேட்கவில்லை. விஷயம் தெரிந்துவிட்டது என்பது அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. இனி மறைப்பதற்கு என்ன என்று, என்னை ஊருக்கு அனுப்புவதாக அத்தைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

மறுநாள் காலையிலேயே மாமா வந்துவிட்டார். கையில் மூடி போட்ட தூக்கு நிறைய தேங்காய் எண்ணெய். அப்பாவைப் பார்த்துக் கோபமாகக் கத்தினார்:

"ஓய், உம்மாலே என் டியூட்டி கெட்டுப் போறது! நான் தினம் மோந்து பார்க்கிறவன். உங்காத்துலேர்ந்து வாசனை வரலைன்னா என் கணக்கு தப்பாயிடறது. இது ஸ்கூல் விஷயம். இந்த எண்ணெயை வெச்சிண்டு தினம் ஒரு கரண்டி தாளிச்சு வாசனையை வாசலுக்கு அனுப்பணும். தானம்னு நினைச்சுண்டா எனக்குக் கெட்ட கோபம் வரும்!"

அப்பாவுக்கு அதை வாங்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. அம்மா வாங்கிக்கொண்டாள்.

போகிற போக்கில் மாமா மேஜைமேல் இருந்த கடிதத்தைப் பார்த்தார். "ஓஹோ" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே கூட்டம் போடச் சொன்னார். எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்து, "இந்தக் குழந்தையை நான் கேட்டிலே நிறுத்தினது தப்பு. மூக்கு ஒரு சாட்சியாகாது. இனிமே இந்த வேலை நான் பண்ண மாட்டேன்" என்றார். "அந்த அம்மா சொன்னதுதான் சரி" என்று சுடலைவடிவைக் காட்டினார். "அம்மை வந்தா வேப்பிலை கட்டுங்கோ. ஸ்கூலே டாக்டரை அழைச்சுண்டு வரும். பேரை அடிக்கப்படாது சார். பாடம் அந்தந்த ஆத்து வாசலுக்கு வரணும். நான் கொண்டு போறேன். ஆனா பாடத்தை எழுத ஆள் வேணும். எழுத்து அழகா இருக்கறது கல்யாணிக்குத்தான். இவளை ஊருக்கு அனுப்பிட்டா யார் எழுதறது?"

கடைசிக் கேள்வியை அவர் அப்பாவைப் பார்த்துத்தான் கேட்டார். ஹால் முழுவதும் அப்பாவைப் பார்த்தது. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, "எழுதட்டும்" என்றார்.

எங்கள் தெருவில் முதல் வேப்பிலையை, அடுத்த வாரம், கூட்டத்தில் பந்த் பண்ணச் சொன்ன பாங்க் மாமா வீட்டு வாசலில் பார்த்தோம். அதற்கப்புறம் யாருக்கும் வெட்கம் இல்லை. நான் எழுதித் தள்ளினேன்; மாமா ஆபீஸ் போகுமுன் வாசல் வாசலாகப் பாடம் கொடுத்துவிட்டுப் போவார். எல்லாக் குழந்தைகளும் தேறவில்லை. இரண்டு வீட்டில் அவர் கொண்டு போன பாடத்தைத் திரும்பக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். ஆனால் பள்ளிக்கூட மணி ஒருநாளும் நிற்கவில்லை.

அப்பாவுக்கு வேறு வேலை கிடைக்கப் பல மாதம் ஆயிற்று. எங்கள் வீட்டுத் தூக்கில் எண்ணெய் குறைந்தால், வாசலில் ஒரு மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கும். "டியூட்டி!" என்று ஒரு அதட்டலோடு அடுத்த தூக்கு எண்ணெய் வரும். நான் மெட்ரிக் பாஸ் செய்தேன், வேலைக்குப் போனேன், என் இஷ்டப்படிதான் கல்யாணம் செய்துகொண்டேன். பெண் பார்க்க வந்தவரை மாமா முகர்ந்து பார்த்து, "சந்தன சோப்பு. பாதகமில்லை" என்றார்.

அவர் போய் வெகு காலம் ஆகிறது. நான் இப்போது செம்பூரில் பிள்ளையோடு இருக்கிறேன். எண்ணெய்ப் புகை ஹாலுக்கு வருகிறது, சமையலறைக் கதவைச் சாத்து என்று வீட்டில் தினமும் சண்டை. நான் சாத்துவதில்லை. கடுகு போடுமுன் வாசல் கதவையும் சேர்த்துத் திறந்து வைக்கிறேன்.

எங்காத்துலே எல்லாரும் சௌக்கியம், மாமா.