இரண்டு கம்பியிலும் ‘வா’

லண்டன் தமிழர் வீடுகளில் பழுதாகிக் கிடக்கும் சாமான்கள் இரண்டே வகைதான். ஒன்று, தானாகப் பழுதானவை. மற்றது, சின்னவேலை அண்ணை திருத்தியவை. முதல் வகையை யாராவது ஒருவர் திருத்திவிடலாம்.

அவருடைய சொந்தப் பெயர் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அவரும் “இவர்” என்றுதான் சொல்வார். எதைக் காட்டினாலும் இடுப்பில் கைவைத்து நின்று ஒரு பார்வை பார்த்து, “உது சின்ன வேலை ஐசே” என்பார். ஆண்கள் எல்லோரும் அவருக்கு ‘ஐசே’தான். கூரை ஒழுகினாலும் சின்ன வேலை, கார் எஞ்சினில் புகை வந்தாலும் சின்ன வேலை. அந்தப் பேரே அவருக்கு ஒட்டிக்கொண்டது. பெற்றோல் ஸ்டேஷன்களில் இரவு ஷிப்ட் செய்தே ஓய்வுபெற்றவர். பழைய விமானப் பயணப் பை ஒன்று, அதற்குள் ஒரு பிஸ்கட் பேணி நிறைய யாருடையவோ ஸ்க்ரூக்கள், இவைதான் அவருடைய தொழிற்சாலை.

எங்கள் வாசல் மணி அடிக்கவில்லை என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்று பின்னேரமே வந்து திருத்தினார். அதன் பிறகு எங்கள் மணியை அமத்தினால் பக்கத்து வீட்டுப் போலந்துக்காரர் தன் கதவைத் திறந்தார். எங்களுக்கு வருகிற விருந்தாளிகள் எல்லோரையும் அவரே முதலில் வரவேற்றார். கொஞ்ச நாளில் மனுசன் கைகூப்பி வணக்கம் சொல்லவும் பழகிவிட்டார்.

பிளேஸ்டோவில் இருக்கும் தன் மச்சாளின் உடுப்புத் தோய்க்கிற மெஷினைத் திருத்தியது இன்னொரு கதை. திருத்தி முடித்துப் போட்டதும் அது குலுங்கிக் குலுங்கி நடந்து வந்து குசினி வாசலை மறித்துக்கொண்டு நின்றுவிட்டது. உள்ளே அகப்பட்ட மச்சாளுக்கு அன்று மத்தியானம் முழுக்க வெளியுலகத் தொடர்பு ஜன்னலால்தான். அண்ணையிடம் கேட்டால் பெருமையாகச் சொல்வார்: “முதல் அசையவே இல்லை ஐசே. இப்ப நடக்குது.”

இப்படிப்பட்ட மனுசன் கையில் எங்கள் வீட்டுக் குளிரும் சூடும் போய்ச் சேர்ந்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு தை மாதம். என் மனைவி சுபாவுக்கு மகள் பிறந்து இருவரும் மருத்துவமனையில் இருந்தார்கள். பிள்ளை, டொக்டர் சொன்ன நாளுக்கு முன்பே அவசரப்பட்டு வந்துவிட்டாள், நிறையும் குறைவு. தாதி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீடு குளிரக் கூடாது, அதிகம் சூடாகவும் கூடாது, ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று விரல் நீட்டிச் சொல்லியிருந்தார். மறுநாள் வீட்டுக்கு விடுவதாகவும் சொன்னார். நான் சந்தோசமாக வீட்டுக்கு வந்தால் ஹீற்றிங் செத்துக் கிடக்கிறது. பொயிலரில் பிழையில்லை. வீடு குளிர்ந்தால் அதை எரியச் சொல்வதும், சூடு போதும் என்றால் நிற்கச் சொல்வதுமாக வாசல் நடையின் எதிர்ச் சுவரில் உயரத்தில் ஒரு தெர்மோஸ்டாட் இருக்கிறதே, அது போய்விட்டது. திருத்துகிறவரைக் கூப்பிட்டால் அடுத்த கிழமைதான் வரலாம் என்றார்.

சுபாவுக்கு போனில் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, “அந்த மனுசனுக்குத் தெரியுமோ?”

“இல்லை.”

“தெரியவும் கூடாது. பச்சைப்பிள்ளையோட வாறன், சொல்லிப்போட்டன்.”

நான் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. சுபாவுக்குப் பத்தியக் கறிக்கு என்று தன் மனைவி இடித்த சரக்குத்தூளைக் கொடுக்க அவராகத்தான் வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றியவர் கால் நிலத்தில் பட்டதும் திரும்பப் போட்டுக்கொண்டார்.

“என்ன ஐசே, வீடு மீன்கடை ஐஸ்பெட்டி மாதிரிக் கிடக்கு? நாளைக்கெல்லோ பிள்ளை வருது!”

சொல்லவேண்டியதாகிவிட்டது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஓடிப்போய்ப் பையோடு திரும்பி வந்தார். பைக்குள் பிரிக்காத பெட்டியில் ஒரு புதுத் தெர்மோஸ்டாட் இருந்தது. எப்போதோ ஒன்லைனில் மலிவாகக் கண்டு, யாருடையதாவது பழுதாகும் என்ற நம்பிக்கையில் வாங்கி வைத்ததாம்.

“உது ஹீற்றிங்கும் செய்யும், கூலிங்கும் செய்யும்.”

“எங்களிட்டக் கூலிங் இல்லையே அண்ணை.”

“இங்கிலாந்தில கூலிங் சும்மா தாறாங்கள் தானே? நீர் போய்க் கரண்ட் மெயினை நிப்பாட்டும். உது சின்ன வேலை.”

வேறு வழி எனக்கு இருக்கவில்லை. மெயினை நிறுத்துவதில் மட்டும் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அது நின்றுவிட்டதா என்று என்னை மூன்று தரம் போய்ப் பார்த்து வரச் சொன்னார். ஏணியில் ஏறிப் பழைய மூடியைக் கழற்றினால் உள்ளே மூன்று கம்பிகள். முன்பு இருந்த வீட்டுக்காரர் சுவருக்குப் பெயின்ற் அடித்தபோது கம்பிகளுக்கும் அடித்திருந்தார், மூன்றும் ஒரே வெள்ளை. டெஸ்டரால் தொட்டுப் பார்ப்பதும், மெயினைப் போடுவதும், நிறுத்துவதுமாக எது எது என்று ஒருவழியாக அண்ணை கண்டுபிடித்தார்.

“மறக்க முதல் ஒரு படம் எடுப்பம் அண்ணை,” என்று போனைத் தூக்கினேன்.

“படம் கலியாண வீட்டுக்கு எடுக்கிறது. வேலைக்கு எழுதி ஒட்டவேணும்.”

ஒட்டுகிற ரேப்பில் துண்டு துண்டாகக் கிழித்து, தடித்த பேனையால் எழுதி, கம்பிகளில் ஒட்டிவிட்டு, மூன்றையும் பழைய தெர்மோஸ்டாட்டில் இருந்து கழற்றினார். பிறகு தேத்தண்ணி கேட்டார். குடித்துவிட்டு வந்து நான் டோர்ச் அடித்துப் பார்த்தேன். பாவிக்கத் தேவையில்லாத கம்பியில் ‘சும்மா’ என்று இருந்தது. சரி. அடுத்ததில் ‘வா’ என்று இருந்தது. மற்றதிலும் ‘வா’ என்றே இருந்தது.

“அண்ணை, ரெண்டிலயும் வா எண்டெல்லோ கிடக்கு?”

“ஓம். ஒண்டில கரண்ட் வருது. மற்றதால பொயிலருக்குப் போகுது.”

“அப்ப போறதில போ எண்டு எழுதியிருக்கலாமே!”

அண்ணை ஏணியில் இருந்து இறங்கிவிட்டார். இவ்வளவு கோபமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை.

“பச்சைப்பிள்ளை முதன்முதல் கால் வைக்கப்போற வீடு. வாசலுக்கு நேரே கிடக்கிற சுவர். அதில ‘போ’ எண்டு எழுதச் சொல்லுறீரோ? ஆராவது வீட்டை விட்டு வெளிக்கிடேக்க போறன் எண்டு சொல்லுவினமோ? போட்டு வாறன் எண்டுதானே சொல்லுவினம்? அதுதான் ‘போட்டு வா’ எண்டு எழுதப் பார்த்தன். ரேப்பில இடம் காணேல்லை. அப்ப ‘வா’ எண்டு போட்டன்.”

நல்லது கெட்டது பார்க்கிற ஆட்களை ஆர்ச்வே கோயிலில் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். மின்சாரத்துக்குச் சகுனம் பார்த்த ஒரே மனுசன் இவர்தான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இரண்டு கையிலும் டோர்ச்சும் ஸ்க்ரூவும் இருந்தபடியால் அதுவும் ஏலவில்லை.

ஒரு ‘வா’வை ஒரு துளையிலும் மற்ற ‘வா’வை மற்றத் துளையிலும் குத்துமதிப்பாகப் பூட்டினார். மெயினைப் போட்டோம். புதுத் தெர்மோஸ்டாட் அழகாக வெளிச்சம் போட்டு, ஒரு சூரியனையும் ஒரு பனிப்பூவையும் காட்டி, எது வேண்டும் என்று கேட்டது.

“இப்ப வின்டர் தானே ஐசே? பனியை அமத்தும். சூரியன் சமருக்கு.”

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பனிப்பூவை அமத்தி, இருபதில் வைத்தேன். பொயிலர் மூச்சே விடவில்லை.

“வா மாறிப்போச்சு,” என்றார் அண்ணை. மெயினை நிறுத்தி, இரண்டு ‘வா’வையும் மாற்றிப் பூட்டினோம். சத்தமில்லை. திரும்பவும் மாற்றினோம். எது முதல் வா, எது இரண்டாவது வா என்று எங்களுக்குள் தர்க்கம் வந்தது. பொயிலரின் பக்கம் நின்று பார்த்தால் போவதுதான் வருவது, வருவதுதான் போவது என்று அவர் ஒரு விளக்கம் சொன்னார். அதைக் கேட்ட பிறகு எனக்கு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. (அந்த இரண்டையும் எப்படி மாற்றிப் பூட்டினாலும் ஒன்றுதான் என்று பெட்டியில் இருந்த கடதாசியில் பிறகு வாசித்தேன். அந்தக் கடதாசியைக் கம்பித் துண்டு விழாமல் இருக்க அண்ணை நிலத்தில் விரித்திருந்தார்.)

எனக்குக் கை விறைத்ததைப் பார்த்துவிட்டு, தன் வீட்டு மின்சார ஹீற்றர் ஒன்றைக் கொண்டுவந்து தெர்மோஸ்டாட்டுக்கு நேர் கீழே வைத்தார். கொஞ்ச நேரத்தில் பொயிலர் உறுமிக்கொண்டு எரியத் தொடங்கியது!

“சொன்னன் தானே!” என்று என் முதுகில் ஓங்கி அடித்தார்.

வீடு சூடானது. பிறகு இன்னும் சூடானது. பொயிலர் நிற்கிற பாடாக இல்லை. சுவெற்றரைக் கழற்றினோம். அண்ணை பெனியனோடு நின்றார். அவிந்துபோய் வாசல் கதவைத் திறந்தேன். குளிர்காற்று உள்ளே வந்ததும் பொயிலர் டக்கென்று நின்றுவிட்டது. கதவைச் சாத்தி, ஹீற்றரின் சூடு மேலே ஏறியதும் திரும்ப எரிந்தது. வீடு சூடானால் எரியும், குளிர்ந்தால் நிற்கும். ஊரில் உலகத்தில் இல்லாத ஒரு ஹீற்றிங் எனக்கு வாய்த்திருந்தது.

அண்ணை யோசித்து, “பொயிலருக்குத் துணை வேணும் போல,” என்றார். “மற்ற ஹீற்றரைக் கண்டால்தான் உவர் எரியிறார்.”

நாளைக்குப் பிள்ளை வருகிறது. அவளை அடுப்பிலா வைப்பேன், ஐஸ்பெட்டியிலா வைப்பேன்? அவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுமை விட்டுப்போனது.

“அண்ணை, நீங்கள் பேசாமல் போ...”

அவர் பெனியனோடு, கையில் ரேப் சுருளோடு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“...ட்டு வாங்கோ,” என்று முடித்தேன்.

“ஓம் ஓம், போட்டு வாறன்,” என்று சட்டையைக் கொழுவிக்கொண்டு போனார். போகச் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. வரச் சொன்னது மட்டும் விளங்கியது.

அவர் போனதும் சுபாவுக்கு வீடியோ கோல் எடுத்தேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். தெர்மோஸ்டாட்டைக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

“உதில என்ன பனிப்பூ கிடக்கு?”

“இப்ப வின்டர் தானே...”

அவள் கண்ணை மூடித் திறந்தாள். தையல் நோவோடு கோபப்படவும் ஏலாத நிலைமை. “என்னப்பா, அது குளிராக்கிறதுக்கு. வீடு சூடானால் குளிராக்கச் சொல்லி அது கேக்குது. உங்களிட்டக் கிடக்கிறது பொயிலர்தானே, அது வேற என்ன செய்யும், எரியுது. சூரியனை அமத்துங்கோ. ரெண்டு ஆம்பிளையள் நிண்டு...” மிச்சத்தை இங்கே எழுத முடியாது.

சூரியனை அமத்தினேன். அண்ணையின் ஹீற்றரை நிறுத்தி, கதவைத் திறந்து வாசல் நடையை ஆறவிட்டேன். பொயிலர் எரிந்தது. கதவைச் சாத்தினேன். இருபது வந்ததும் தானாக, மரியாதையாக, நின்றது. நான் படியிலேயே இருந்துவிட்டேன்.

அப்போது அண்ணை திரும்பி வந்தார். ஒரு கையில் இன்னொரு ஹீற்றர், தோளில் தடித்த போர்வை. ஹீற்றரின் வயரில் அவர்கள் படுக்கையறைத் தூசி ஒட்டியிருந்தது. “மனுசி ரெண்டு சுவெற்றர் போட்டுக்கொண்டு படுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டா. பிள்ளையின்ர அறைக்குள்ள உதை வையும்,” என்றார். பிறகு தெர்மோஸ்டாட்டைப் பார்த்தார். “ஆ, சூரியனோ! நான் அப்பவே நினைச்சனான்.”

எனக்கு அவரைக் கடிக்கவும் வேண்டும்போல் இருந்தது, கட்டிப்பிடிக்கவும் வேண்டும்போல் இருந்தது. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் சுபாவும் பிள்ளையும் வந்து இறங்கியபோதும் அவர் ஏணியில்தான் நின்றார். தெர்மோஸ்டாட்டின் மூடி சரிந்து கிடக்கிறது, சின்ன வேலை என்று சொல்லி, மெயினை நிறுத்திவிட்டுத் திறந்து வைத்திருந்தார். சுபா பிள்ளையோடு வலது காலை உள்ளே வைத்தாள், வீட்டின் சூட்டை ஒரு நிமிசம் நின்று பார்த்தாள், பிறகு நேரே எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அவளுக்கு நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன், கம்பியில் எழுதியதை மட்டும் சொல்லியிருக்கவில்லை.

“வா, வா எண்டு கிடக்கு. ஆர் எழுதினது? பிள்ளைக்கோ?”

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணை ஏணியில் நின்றே சொன்னார்: “ஓம் பிள்ளை. பின்னை ஆருக்கு?”

முதல் நாள் முழுக்க அந்த மனுசனைத் திட்டிக்கொண்டிருந்தவள் அழுதுவிட்டாள்.

அண்ணை இப்போது லெஸ்டரில் மகளோடு இருக்கிறார். மருமகன் அவரை ஒரு பல்பு மாற்றக்கூட விடுவதில்லையாம். கிழமைக்கு ஒருதரம் போன் எடுத்து, பிள்ளையின் சுகம் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, “சின்ன வேலை ஏதும் கிடக்கோ ஐசே?” என்பார். வீட்டில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. அவர் இல்லாதபடியால் ஒன்றும் பழுதாவதும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமையும் கேட்டார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, குசினி அலுமாரிக் கதவில் இருந்த ஸ்க்ரூவை மெல்லக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

“கிடக்கு அண்ணை,” என்றேன். “கதவொண்டு ஆடுது. வாங்கோ.”