பல் டாக்டரும் ஒரு கையகல நாடும்

பயணம் போகிறவர்களில் பல ரகம் உண்டு. ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை பிடித்து, கிடைத்ததும் குறட்டை விடுகிறவர் ஒரு ரகம். போன இடத்திலெல்லாம் ‘எங்க ஊர்ல இது இன்னும் பெருசு’ என்கிறவர் இன்னொரு ரகம். இவர்களை விட்டுவிடுவோம், இவர்களால் யாருக்கும் பெரிய சேதமில்லை. இங்கே சொல்லவந்தது பயணப் பண்டிதரைப் பற்றி. உங்களுக்கு அவரைத் தெரியும். ஓர் ஊருக்குப் போகலாமா என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் போதும், அன்றிலிருந்து அந்த ஊரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்து, படங்களைப் பார்த்து, போய்வந்தவர்களைத் துரத்திப் பிடித்து விசாரித்து, அவர்கள் சொன்னதெல்லாம் தப்பு என்று நிரூபித்து, கடைசியில் அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு வழி சொல்லும் அளவுக்குத் தேறிவிடுவார்.

சரி, போவாரா? அதை மட்டும் கேட்கக்கூடாது.

இந்த இனத்தின் சகல லட்சணங்களும் பொருந்திய ஒருவர் பல் டாக்டராக இருந்தார். பண்டிதருக்கு இதைவிடத் தோதான தொழில் உலகத்தில் இல்லை. எதிரே இருப்பவரின் வாய் திறந்திருக்கும். ஆனால் பேச முடியாது. நாக்குக்கு அடியில் பஞ்சு, உதட்டோரம் எச்சில் உறிஞ்சும் குழாய், மேலே கண்ணைக் கூசும் விளக்கு. அதற்கும் மேலே, முகமூடிக்குள்ளிருந்து டாக்டரின் குரல்.

“இன்னும் கொஞ்சம் திறங்க... ம், அப்படித்தான். அந்தக் கோட்டை இருக்கு பாருங்க, அதைக் காலையில பார்க்கவே கூடாது. வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும். சாயங்காலம்தான் போகணும். என்ன சொல்றீங்க?”

“ஆ... ஆ...”

“அதேதான். விஷயம் தெரிஞ்சவர் நீங்க.”

அந்த நாடு உண்மையில் கையகலம்தான். வரைபடத்தில் கட்டைவிரலை வைத்தால் மறைந்துபோகும். ஆனால் அந்தக் கட்டைவிரலுக்கடியில்தான் எத்தனை கோட்டைகள், எத்தனை மணிக்கூண்டுகள், சுவரெல்லாம் சித்திரம் தீட்டிய எத்தனை பழைய மண்டபங்கள்! கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்துகொண்ட ஒரு தபால்காரர், சிகிச்சை முடிந்து வெளியே வந்தபோது அந்த நாட்டு அரச பரம்பரையில் பாதியை அறிந்திருந்தார். மீதிப் பாதிக்குப் பயந்து, மறுபக்கம் வலித்தபோது வேறு டாக்டரிடம் போனார்.

இத்தனைக்கும் இந்த ஆசை டாக்டருடையது அல்ல. அவர் மனைவியுடையது.

மனைவி நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். பகலெல்லாம் வக்கீல்கள் பேசுவதை ஒரு சொல் சிந்தாமல் எழுதி எடுக்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் கணவர் பேசுவார். எழுத வேண்டியதில்லை என்பது ஒன்றே வித்தியாசம். அப்படிப்பட்டவர் ஒருநாள், மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போன நாட்காட்டியைச் சுவரில் மாட்டும்போது, அதிலிருந்த படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். ஒரு ஆறு. அதன்மேல் வளைந்து வளைந்து போகும் ஒரு கல்பாலம்.

“இந்தப் பாலத்துல ஒரு தடவை நிக்கணும்ங்க” என்றார்.

அவ்வளவுதான். அவர் கேட்டது ஒரு பாலம். டாக்டர் ஒரு நாட்டையே எடுத்துக்கொண்டார்.

முதல் வருடம் எந்த மாதம் போவது என்ற ஆராய்ச்சியில் எல்லா மாதங்களும் கழிந்தன. வசந்தத்தில் கூட்டம், கோடையில் புழுக்கம், இலையுதிரும் காலத்தில் பாதி மண்டபங்களைப் பூட்டிவிடுவார்கள், குளிரில் ஆறு உறைந்தால் பாலத்துக்கே அர்த்தமில்லை. அடுத்த வருடம் பாலத்தைப் பழுதுபார்க்கிறார்கள் என்று எங்கோ படித்தார். அதற்கடுத்த வருடம் எல்லாம் கூடிவந்தது. விடுதி ஜன்னலிலிருந்து ஆறு தெரியும், ஆனால் காலை உணவு சுமார் என்று முன்பின் தெரியாத எவனோ எழுதியிருந்ததை நம்பி அந்த வருடமும் போயிற்று. பாஸ்போர்ட், விசா எல்லாம் வருடாவருடம் முறையாகத் தயாராக இருக்கும். தயாராகாதவர் அவர் ஒருவர்தான்.

“ஏங்க, போய்த்தான் பார்ப்போமே. பிடிக்கலைன்னா திரும்பி வந்துடலாம்” என்பார் மனைவி.

“சும்மா போயிட்டு வர்றதுக்கா இவ்ளோ படிக்கிறேன்?” என்பார் டாக்டர், மனம் புண்பட்டவராக.

இதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு அந்த நாட்டின் தெருத்தெருவாக நடக்கும்போது அவர் ஒருதடவைகூட வழி தவறியதில்லை, கால் வலித்ததில்லை, யாரும் அவரை ஏமாற்றியதில்லை. அப்படியொரு நாட்டை விட்டுவிட்டு நிஜ நாட்டுக்குப் போக யாருக்குத்தான் மனசு வரும்?

மனைவிக்கு ஒரு அக்கா. மின்வாரியத்தில் மேற்பார்வையாளர். மின்கம்பத்தில் ஏறத் தயங்குகிற ஆட்களைத் தரையிலிருந்தே அதட்டி ஏற்றுகிற குரல். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, டாக்டர் மணிக்கூண்டின் வரலாற்றை ஆரம்பித்ததும் கையை உயர்த்தினார்.

“மாப்பிள்ளை, கொஞ்சம் நிறுத்துங்க. நானும் தங்கச்சியும் டிக்கெட் போட்டாச்சு.”

“எங்கே?”

“உங்க நாட்டுக்குத்தான்.”

டாக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

“எந்த மாசம்?”

“இந்த மாசம்.”

“ஐயோ, மழை பெய்யும்!”

“குடை இருக்கு” என்றார் மனைவி.

கோபித்துக்கொண்டார் என்று நினைக்கிறீர்களா? பண்டிதர் கோபித்துக்கொள்ள மாட்டார், பொறுப்பை ஏற்றுக்கொள்வார். கிளினிக்குக்குப் புதிதாக வாங்கிய நாற்காலியைப் பொருத்தும் வேலை இருக்கிறது, தன்னால் நகர முடியாது என்றார். போகட்டும், போனில் வழி சொல்கிறேன் என்றார். விமான நிலையத்தில் அக்காவின் பெட்டியை வண்டியில் வைத்துவிட்டு, “இறங்கினதும் இடதுபக்க வாசல் வழியா வாங்க, வலதுபக்கம் டாக்ஸிக்காரங்க பிடிச்சுக்குவாங்க” என்று இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொன்னார். இருவரும் வலதுபக்கம் வந்து, டாக்ஸியில் ஏறி, சுகமாகப் போய்ச் சேர்ந்தார்கள். அதை அவரிடம் சொல்லவில்லை.

முதல்நாள் சாயங்காலம் மனைவி பாலத்தின்மேல் போய் நின்றார். காதில் டாக்டர்.

“எங்கே நிக்கிற? நடுவிலயா? நடுவுல நிக்காதே, மூணாவது தூணுக்கு வா. அங்கேயிருந்துதான் கோட்டை முழுசாத் தெரியும். தெரியுதா?”

“தெரியுதுங்க.”

“முழுசாவா? வலது மூலையில ஒரு சின்ன கோபுரம் தெரியணுமே. தெரியலைன்னா நீ தப்பான தூண்ல நிக்கிற.”

தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

மறுநாள் பூராவும் மனைவியின் போனில் தொடர்பு கிடைக்கவில்லை. டாக்டருக்குக் கை ஓடவில்லை. வாய் திறந்து படுத்திருந்தவரிடம் பேசவே இல்லை. அந்த மனிதர் தன் பல்லில் ஏதோ பெரிய கோளாறு என்று பயந்துபோனார். மத்தியானம் டாக்டர் மனைவியை நாலு முறை அழைத்தார். அக்காவை அழைத்தார். விடுதியை அழைத்து, மனப்பாடம் செய்து வைத்திருந்த அந்த நாட்டு மொழியில் விசாரித்தார். அவர்கள் சிரித்துவிட்டு ஏதோ சொன்னார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் மனைவியே அழைத்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

“எங்கே போயிட்டே? சித்திர மண்டபத்துக்குத்தானே இன்னிக்கு?”

“அங்கே போகலைங்க. பஸ் மாறி ஏறிட்டோம். ஏதோ ஒரு சின்ன ஊர்ல கொண்டுபோய் விட்டுட்டான். மழை வேற. ஒதுங்கலாம்னு ஒரு கதவைத் தள்ளினா, அது தீயணைப்பு நிலையம்! உள்ளே அத்தனை பேரும் தொப்பியைக் கழட்டி வெச்சுட்டு பேண்டு வாத்தியம் பழகுறாங்க. உக்காருங்கன்னு நாற்காலி போட்டாங்க. அக்கா சும்மா இருப்பாளா? அவ கையில ஜால்ராவைக் கொடுத்துட்டாங்க.”

“பெரிய ஜால்ரா!” என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. “ரெண்டு தட்டு மாதிரி! தப்பான இடத்துல தட்டினேன், மாப்பிள்ளை. எல்லாரும் வாசிக்கிறதை நிறுத்திட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்புறம் நான் தட்டுற இடத்துக்கு அவங்க பாட்டை மாத்திக்கிட்டாங்க!”

மனைவி சிரித்துக்கொண்டிருந்தார். அடக்க மாட்டாமல், மூச்சு வாங்க. இந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று டாக்டர் யோசித்துப் பார்த்தார். பண்டிதருக்குத் தெரியாத விவரம் அது.

“அந்த ஊர் நான் படிச்சதுல எங்கேயுமே இல்லையே” என்றார் மெதுவாக.

“அதாங்க நல்லா இருந்துச்சு.”

இரைச்சல் கொஞ்சம் தள்ளிப்போயிற்று. பிறகு மனைவி சொன்னார்: “நேத்து பாலத்துல நிக்கும்போது, நீங்களும் இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்னு நெனச்சேன். பக்கத்துல இருப்பீங்கன்னு பார்த்தா, காதுல இருந்தீங்க. அதான் போனை அணைச்சுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

டாக்டர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அதைவிட விபரீதமான காரியம் செய்தார். எந்த விமானத்தில் இருக்கை அகலம், எதில் சாப்பாடு தேவலை என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல், ‘பாலத்துக்கே வந்துடறேன்’ என்று மனைவிக்குச் சொல்லிவிட்டு, கிடைத்ததில் ஏறிவிட்டார். நடுவரிசையில், இரண்டு பேருக்கு இடையில் இடுங்கி உட்கார்ந்து, ஜன்னலே பார்க்காமல் போய் இறங்கினார்.

இறங்கியதுமே நாடு அவரை ஏமாற்ற ஆரம்பித்தது. வரைபடத்தில் விரல் அகலம் இருந்த தெரு நிஜத்தில் செங்குத்தான படிக்கட்டு. எதிரே இருக்க வேண்டிய மணிக்கூண்டு முதுகுக்குப் பின்னால் இருந்தது. பெட்டியின் சக்கரம் ஒன்று கற்களுக்கிடையில் சிக்கிக் கழன்று, தன்னிஷ்டத்துக்குக் கீழே உருண்டு போயிற்று. வியர்த்து வழிய நின்றவர், ரொட்டிக்கடை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம், தலைகீழாகப் பாடம் செய்திருந்த வாக்கியத்தைச் சுத்தமான உச்சரிப்பில் கேட்டார்: ‘ஆற்றுப்பாலத்துக்கு வழி எது?’

அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, மூச்சு விடாமல், கையை மேலும் கீழும் ஆட்டி, நடுவில் தன் குடும்பக் கதையையும் சேர்த்த மாதிரி, பொழிந்து தள்ளிவிட்டார். டாக்டருக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. இத்தனை வருடமாகக் கேள்விகளைத்தான் படித்திருந்தார். பதில் வரும் என்று யார் கண்டது?

அவர் வாயைத் திறந்தார். ‘ஆ...’ என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். சட்டைக் கையைப் பிடித்து, குழந்தையைக் கூட்டிப்போவது போல இரண்டு சந்துகளைத் தாண்டி அழைத்துக்கொண்டு போய்ப் பாலத்தின் முனையில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

மனைவி பாலத்தின் நடுவில் நின்றிருந்தார். தப்பான இடத்தில். டாக்டர் சக்கரமில்லாத பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். அக்கா, நாசூக்காக, தூரத்தில் போய் ஏதோ சிலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

“இந்தப் பாலத்தைக் கட்டினவன்...” என்று டாக்டர் தொடங்கினார். பழக்கதோஷம். மனைவி காத்திருந்தார். டாக்டர் கீழே எட்டிப் பார்த்தார்.

“தண்ணி இவ்ளோ சத்தம் போடும்னு எவனுமே எழுதலை” என்றார்.

“அதைத்தான் அன்னிக்கு போன்ல உங்களுக்குச் சொல்ல முடியலை” என்றார் மனைவி. கொஞ்ச நேரம் கழித்து டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். கோட்டை முழுசாகத் தெரியவில்லை. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

இதோடு டாக்டர் திருந்திவிட்டார் என்று கதையை முடிக்க ஆசைதான். ஆனால் பண்டிதத்தனம் என்பது அவ்வளவு சுலபமாக விட்டுப்போகிற நோயா?

ஊர் திரும்பிய டாக்டர் இப்போது திட்டமே போடாமல் பயணம் போவது எப்படி என்பதில் நிபுணர். வீட்டுக்கு வருகிறவர்களை உட்காரவைத்து, “வரைபடத்தைத் தூக்கிப் போடுங்க முதல்ல. கால் போன போக்குல போகணும். அதுக்கும் ஒரு முறை இருக்கு” என்று ஆரம்பிக்கிறார். அடுத்த விடுமுறைக்கு இன்னொரு சின்ன நாடு. வழி தவறுவதற்குத் தோதான ஊர்கள் அங்கே எவை, தவறான பஸ் எந்த நிலையத்திலிருந்து கிளம்புகிறது, எந்த மாதத்தில் எதிர்பாராத மழை நிச்சயமாகப் பெய்யும் என்றெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

“அப்ப இந்த வருஷம் கிளம்புறோமா மாப்பிள்ளை?” என்றார் அக்கா.

“அவசரப்படாதீங்க. தற்செயலா எதாவது நடக்கணும்னா, கொஞ்சம் முன்னேற்பாடு வேணும்.”

அக்காவும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டிக்கெட் போட்டாயிற்று, இந்தமுறை மூன்று பேருக்கு. கிளம்புகிற அன்று காலையில்தான் டாக்டருக்குச் சொல்வார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். பஸ் மாறி அவர்கள் போய் இறங்கினார்களே, தீயணைப்பு நிலையத்தில் பேண்டு வாசித்தார்களே, அந்தச் சின்ன ஊரின் பெயர் என்ன, எந்தக் கிழமையில் பழகுகிறார்கள், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டுமா என்று உங்களுக்கு நடுவில் ஒரு யோசனை ஓடியதா இல்லையா?

ஓடியதா? அப்படியானால் உங்கள் வீட்டில் டிக்கெட் போட்டிருக்கிறார்களா என்று ஜாடையாக விசாரித்துப் பாருங்கள். நீங்கள் இல்லாமல் போட்டிருக்கவும் கூடும்.