சுவரில் இருக்கும் என் இடது கை

செய்தே பார்க்காத வேலைகள் எல்லாவற்றிலும் நான் கெட்டிக்காரன். நீச்சல், பரோட்டா வீசுவது, கைக்குழந்தையைத் தூங்க வைப்பது என்று எதைச் சொன்னாலும் "இதென்ன பிரமாதம்" என்றுதான் என் வாயிலிருந்து வரும். அந்த வாய் ஒரு நாள் என்னை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வரலாற்றில் எம்.ஏ., அதற்கு மேல் பி.எட்., அதற்கு மேல் ஒன்றுமில்லை. கடலூர் முதுநகரில் வீட்டோடு இருந்தேன். யாராவது விசாரித்தால் அப்பா "பையன் இன்னும் படிச்சிட்டு இருக்கான்" என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை என்பதை நானும் கவனித்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் வரலாற்று ஆசிரியர் வேலை காலியாக இருந்தது. விண்ணப்பத்தில் 'சிறப்பு ஈடுபாடு' என்று ஒரு கட்டம். வெறுமனே விட்டால் அசிங்கமாக இருக்குமே என்று 'பாறை ஓவிய ஆய்வு' என்று எழுதினேன்.

(ஆய்வு என்பது கொஞ்சம் ஜாஸ்திதான்.) எம்.ஏ. படிக்கும்போது ஒரே ஒரு முறை செஞ்சிப் பக்கம் ஒரு குன்றுக்கு வகுப்போடு போயிருந்தேன். மேலே ஒரு பாறை தாழ்வாரம் போல நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் மங்கிய சிவப்பில் சில மனிதர்கள், ஒரு மான், ஒருவர் கையை ஒருவர் பிடித்து நிற்கும் ஒரு வரிசை. எங்கள் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். நான் நிழல் நன்றாக இருக்கிறது என்று புளிசோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். "எங்க அக்கா பொண்ணு யூகேஜி சார். இதவிட நல்லா வரையும்" என்று வேறு சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். வெயிலில் மலை ஏறிய களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் பள்ளியிலிருந்து தலைமையாசிரியை போன் செய்தார்.

"உங்க ஈடுபாட்டைப் பாத்தோம். நைன்த்துக்கு மாதிரி வகுப்பு ஒண்ணு எடுங்க. ஆதிமனிதர் ஓவியங்கள். தாளாளரும் உக்காருவாரு. அவருக்குப் பிடிச்சிட்டா அன்னிக்கே ஆர்டர்."

நூலகத்துக்கு ஓடினேன். ஒரு புத்தகத்தில் வேறு தேசத்துக் குகைகளின் படங்கள் இருந்தன. சுவர் முழுக்கக் கைகள். கையைப் பாறையில் அழுத்தி வைத்து, செங்காவிக் கரைசலை வாயில் நிரப்பி, சுற்றிலும் ஊதுவார்களாம். கையை எடுத்தால் கை இருந்த இடம் மட்டும் வெளுப்பாக நிற்கும். எனக்கு அங்கேயே புல்லரித்தது. (கலை உணர்ச்சி இல்லை. தாளாளர் கைதட்டும் சத்தம் கேட்டது.) வகுப்பில் இதையே செய்து காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மளிகைக் கடைக்குப் போய்க் காவிப் பொடி கேட்டேன்.

"வாசலுக்கா தம்பி, செவுத்துக்கா?" என்றார் கடைக்கார பாய்.

"வாய்க்கு."

அவர் பாக்கெட்டைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கோலத்துக்குத்தான் பாய்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு தடவையாவது வீட்டில் ஊதிப் பார்த்திருக்கலாம். இதென்ன பிரமாதம் என்று விட்டுவிட்டேன்.

மாதிரி வகுப்பு நாளன்று காலை அம்மா விபூதி பூசி அனுப்பினாள். அப்பா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, பஸ் கிளம்பும் வரை நின்றார்.

ஒன்பதாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். முதல் வரிசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுத் தாளாளர் உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பக்கத்தில் தலைமையாசிரியை. புதிதாக வெள்ளையடித்த சுவரில் ஒரு சார்ட்டை ஒட்டிவிட்டு ஆரம்பித்தேன்.

"இவங்களுக்குப் படிப்பு கெடையாது. பிரஷ் கெடையாது. அதனால சின்னப் பிள்ளைங்க மாதிரி கிறுக்கி வச்சாங்க. ரொம்ப சுலபம். யாரு வேணா செய்யலாம்."

இரண்டாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கயல்விழி என்று பெயர். கிள்ளைப் பக்கம் மீனவர் குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவள்.

"எதுக்கு சார் வரைஞ்சாங்க?"

"பொழுது போகல, வரைஞ்சாங்க."

"வேட்டைக்கிப் போவணும், நெருப்பு அணையாம பாத்துக்கணும், புள்ளைங்களப் புலி தூக்காம பாத்துக்கணும். அவங்களுக்கு எப்டி சார் பொழுது போகாம இருக்கும்?"

வகுப்பு சிரித்தது. தாளாளரும் லேசாகச் சிரித்தார். பதில் தெரியாத ஆசிரியர் செய்கிற காரியத்தையே நானும் செய்தேன். "இப்ப செஞ்சி காட்டறேன், எல்லாரும் கவனிங்க" என்றேன்.

இடது கையைச் சார்ட்டின் மேல் அழுத்தினேன். டம்ளரில் கரைத்து வைத்திருந்த காவியை வாய் நிறைய ஊற்றிக்கொண்டேன். அந்த ருசியை எப்படிச் சொல்வது? துருப்பிடித்த கதவை நக்கியது போல இருந்தது. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. கன்னம் இரண்டும் பூரி மாதிரி உப்பிக்கொண்டன. முதல் பெஞ்சில் ஒருவன் அதைப் பார்த்துக் களுக்கென்று சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. வாயில் காவி இருக்கும்போது சிரிப்பு வந்தால் அது மூக்கு வழியாகத்தான் போகும் என்று புத்தகத்தில் போடவில்லை.

புரையேறியது. கொஞ்சம் சார்ட்டில் விழுந்தது. மீதி புதுச் சுவரிலும், அதற்கும் மிஞ்சியது தாளாளரின் சட்டையிலும் விழுந்தது. மன்னிப்புக் கேட்க அவர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன். அதுதான் தப்பு. பல் எல்லாம் சிவப்பு, தாடை வழியாகச் சிவப்பு வழிகிறது.

கதவோரம் நின்ற ஆயாம்மா அலறினாள். "ஐயையோ, சாரு ரத்தம் கக்குறாரு!"

நான் இல்லை இல்லை என்று தலையாட்ட, அது வலிப்பு மாதிரி தெரிந்திருக்கிறது. தாளாளர் என்னைத் தாங்கிப் பிடித்தார். (நல்ல மனிதர். மிச்சம் வெள்ளையாக இருந்த இடமும் அப்போது போனது.) தலைமையாசிரியை 108க்குப் போன் போட்டார். நான் பேச வாய் திறக்கும்போதெல்லாம் இருமல் வந்து இன்னும் கொஞ்சம் சிவப்பு வந்ததால் நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் என்னைப் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"என்ன சாப்ட்டீங்க?"

"காவிப் பொடி சார்."

"எதுக்கு?"

"கைய வரையறதுக்கு."

"வாயாலயா? யாரு சொன்னா உங்களுக்கு?"

"ஆதிமனுசங்க சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நர்ஸைப் பார்த்தார். பிறகு ரொம்ப மென்மையான குரலில், "வீட்லேந்து யாரு கூட வந்துருக்காங்க?" என்றார்.

எல்லாவற்றையும் விளக்கி, பத்துத் தடவை வாய் கொப்பளித்து வெளியே வர மதியம் இரண்டாகிவிட்டது. சான்றிதழ்கள் பள்ளியிலேயே கிடந்தன. நேரே பஸ் ஏறிவிடலாம் என்றுதான் கால் சொன்னது. ஆனால் எம்.ஏ. சர்டிபிகேட் இல்லாமல் அப்பா முகத்தில் எப்படி முழிப்பது?

வகுப்பறையில் நான் நினைத்த கலவரம் இல்லை. தமிழ் ஐயா லீவாம். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் விட்டுப்போன டம்ளர் நடுவில் இருந்தது. சுற்றிலும் பழைய சார்ட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு கை. விரல் விரலாக, தெளிவாக, வெளுப்பாக.

"எப்டிம்மா?" என்றேன்.

"வாயில ஊத்தக் கூடாது சார்" என்றாள் கயல்விழி. கையில் பப்பாளி இலைத் தண்டு வைத்திருந்தாள். "தண்ணி ஜாஸ்தியா இருந்துச்சி, கோந்து போட்டோம். தண்டுல கொஞ்சமா எடுத்து ஊதணும். அப்புறம், தனியா வராது சார். ஒருத்தர் கைய வெக்கணும், ஒருத்தர் ஊதணும். வெக்கிறவங்க ஆடக் கூடாது, ஊதறவங்க சிரிக்கக் கூடாது. காலைலேந்து இதுக்கே பதினஞ்சு சார்ட்டு வீணாப் போச்சி."

நான் சுவரைப் பார்த்தேன். தலைமையாசிரியையும் அங்கேதான் நின்றிருந்தார். "எப்டியும் திரும்பப் பெயின்ட் அடிக்கணும். நீங்களும் ஒண்ணு வெச்சிட்டுப் போங்க" என்று பெருமூச்சு விட்டார்.

காலையில் நான் தெளித்த கறைக்கு நடுவில் இடது கையை வைத்தேன். கயல்விழி தண்டை வாயில் வைத்து, மூச்சை அடக்கி, மெதுவாக ஊதினாள். புறங்கையில் பொடிப்பொடியாகச் சில்லென்று விழுந்தது. காலையில் சிரித்த முதல் பெஞ்சுக்காரன் இந்த முறை வாயைக் கையால் பொத்திக்கொண்டான். செஞ்சிக் குன்றில் அந்த மானை வரைந்தவரிடமும் யாரோ கலவை இவ்வளவு தண்ணியாக இருக்கக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். அவரும் எத்தனை பாறையைக் கெடுத்த பிறகு அந்த ஒற்றைக் கோட்டைப் பிடித்தாரோ. அதன் அடியில் உட்கார்ந்துதான் நான் புளிசோறு தின்றேன்.

"சார், காலைல கேட்டதுக்குப் பதில் சொல்லலியே" என்றாள் அவள். "எதுக்கு வரைஞ்சாங்க?"

"தெரியலம்மா" என்றேன். அன்று நான் எடுத்த பாடத்தில் சரியாகச் சொன்னது அந்த ஒன்றுதான்.

வேலை கிடைக்கவில்லை. "உங்க வகுப்பு பசங்க மனசுல நல்லாப் பதிஞ்சிருக்கு. தாளாளர் சட்டையிலயும்" என்று தலைமையாசிரியை போனில் சொன்னார். மறு வருடம் கடலூரிலேயே வேறொரு பள்ளியில் சேர்ந்தேன். அப்பா தெருவில் எல்லோர் முகத்தையும் பார்த்துப் பேச ஆரம்பித்தார். கீரப்பாளையத்தில் பெண் எடுத்தேன். இந்தக் கதையை மாமியார் வீட்டில் நான் மூச்சுக்கூட விடவில்லை.

போன பொங்கலுக்கு அங்கே போயிருந்தோம். என் மச்சான் மகள் நிவேதா சிதம்பரத்தில்தான் படிக்கிறாள். பந்தியில் உட்கார்ந்து எல்லோருக்கும் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்க ஸ்கூல்ல நைன்த் பி-ல உக்காரவே எல்லாருக்கும் பயம். ரொம்ப வருசத்துக்கு முன்னாடி ஒரு சாரு பாடம் நடத்தும்போதே ரத்தம் கக்கி செத்துட்டாரு. சாவும்போது செவுத்தப் புடிச்சாராம். அந்தக் கை இன்னும் இருக்கு. எத்தன தடவ வெள்ளை அடிச்சாலும் திரும்ப வருதாம்!"

எனக்குப் புரையேறியது. என் மனைவி என்னைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் அவளிடம் மட்டும் உளறியிருந்தேன். அவள் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

நிவேதா நம்பவில்லை. என் இடது கையைப் பிடித்து இழுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இல்ல மாமா. அது நீங்க இல்ல. அந்தக் கை எவ்ளோ அழகா இருக்கும் தெரியுமா?"

இலையில் பரிமாறிக்கொண்டிருந்த மாமனார் நிமிர்ந்தார். "சரி, செத்துப்போன மாப்ளைக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊத்துங்கப்பா" என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயர்.